நாங்கள் என்று எழுதிய இடத்தில்

கண்டாவளை
11.02.2024

அன்பின் ஸஹீலா,

தொகுப்பு வந்துவிட்டது! இத்துடன் சில பிரதிகள் அனுப்புகிறேன். அட்டைதான் கொஞ்சம் மங்கலாக அச்சாகிவிட்டது. மற்றும்படி நல்ல வேலை. உமது ‘எந்த ஊர்?’ கவிதையை நடுவில், வலப்பக்கத்தில் தனியாக விட்டிருக்கிறோம். புத்தகத்தைப் பிரித்தால் அதில்தான் கண் விழும்.

இன்னொரு சந்தோசமான செய்தி. எங்கள் மன்றம் இந்த வருடம் பாடசாலைகளுக்கு நடத்துகிற கவிதை நயப் போட்டிக்கு உமது கவிதையைத்தான் தெரிவு செய்திருக்கிறது. மூன்று மாவட்டப் பிள்ளைகளும் அதைப் படித்து நயம் எழுதப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு உதவியாகப் பின்னால் ஒரு குறிப்பு நான் எழுதியிருக்கிறேன். ‘எந்த, இந்த, சொந்த, முந்தி’ என்று எதுகை தானாக வந்து விழுவதையும், ‘கால் மாற்றி, கை மாற்றி, கம்பி மாற்றி’ என்ற மோனையையும் காட்டியிருக்கிறேன். வெறுமையாகக் கிடக்கும் பாதி இருக்கையை நவீன மனிதனின் தனிமைக்குக் குறியீடு என்று விளக்கியிருக்கிறேன். நிற்பவர்கள் சமூகம். குடை பாதுகாப்பு. எழுதி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

முடிவில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். ‘நாங்கள்’ என்பதை ‘நாம்’ ஆக்கினேன். நாங்கள் என்றால் கேட்கிறவரை வெளியே விட்டுவிடும். நாம் என்றால் எல்லோரையும் உள்ளே எடுக்கும். ஓசையும் இப்போது இறுக்கமாக இருக்கிறது. உமக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

மகள் நஃப்லாவையும் போட்டிக்கு எழுதச் சொல்லும். உயர்தரத்தில் தமிழ் எடுக்கிற பிள்ளை, விடக்கூடாது.

அன்புடன்,
விமலா


நீராவிப்பிட்டி
முள்ளியவளை
20.02.2024

விமலா ரீச்சருக்கு,

புத்தகங்கள் கிடைத்தன. இதைப் போனில் பேச எனக்கு விருப்பமில்லை. போனில் நீங்கள் சிரித்துச் சமாளித்துவிடுவீர்கள், நானும் “சரி, பரவாயில்லை” என்று வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் தாருங்கள்.

புத்தகத்தை முதலில் பிரித்தது நஃப்லாதான். வாசித்துவிட்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தாள். “உம்மா, கடைசி வரி எங்க போச்சு?” என்று கேட்டாள். என் கவிதையின் கடைசி வரி போனதை நான் என் மகளிடமிருந்துதான் அறிந்தேன்.

நீங்கள் மறந்திருக்கலாம். நான் அனுப்பியது இது:

இருவர் இருக்கையில் ஒருத்தி.
யன்னலோரம் நான்,
மறு பாதியில் என் குடை.
நிற்கிறவர்கள் நிற்கிறார்கள்
கால் மாற்றி, கை மாற்றி,
கம்பி மாற்றி.

“எந்த ஊர்?” என்றார் நடத்துனர்.
இந்த ஊர் என்றேன்.
“அதில்லை, சொந்த ஊர்?”
இந்த ஊர் என்றேன்.
“அதில்லை, முந்தி?”
முந்தியும் இந்த ஊர் என்றேன்.

நாங்கள் இங்கேதான் இருந்தோம்.
போகச் சொன்ன நாளிலும்
இங்கேதான் இருந்தோம்.
நீங்கள் எப்போது வந்தீர்கள்?

நீங்கள் அச்சடித்த முடிவு இது:

நாம் இங்கேதான் இருந்தோம்.
நாம் இங்கேதான் இருப்போம்.

இதைச் சின்னத் திருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். போகச் சொன்ன நாளைக் காணவில்லை. கேள்வியைக் காணவில்லை. தொண்ணூறாம் ஆண்டு எங்களை, முஸ்லிம் சனத்தை, ஆயுதம் ஏந்திய இயக்கம் இந்த மாவட்டத்தை விட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அதன் பிறகுதான் திரும்பி வந்தேன். அன்றைக்கு வெளியே போனது ‘நாம்’ அல்ல. நாங்கள். அந்தச் சொல்லை நான் ஓசைக்காகப் போடவில்லை.

உங்கள் குறிப்பையும் வாசித்தேன். எதுகை நான் தேடியதல்ல. கொண்டக்டர் அப்படித்தான் கேட்டான். காலும் கையும் கம்பியும் மோனைக்காக வந்தவையல்ல. நின்றவர்களுக்குக் கால் வலித்தது, மாற்றி மாற்றி நின்றார்கள். குடை எதற்கும் குறியீடில்லை, என் உம்மாவுடைய பழைய குடை. யாராவது இருக்க வருவார்கள் என்று அதை மடியில்தான் வைத்திருந்தேன். வெகுநேரம் யாரும் வராததால் பக்கத்தில் வைத்தேன்.

மற்றப் பாடசாலைகளுக்குப் புத்தகம் போகுமுன் சரியான முடிவை ஒரு தாளில் அடித்து ஒட்டச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஸஹீலா


கண்டாவளை
03.03.2024

அன்பின் ஸஹீலா,

உமது கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். கோபம் நியாயம். கேளாமல் மாற்றியது பிழை. ஆனால் என் பக்கத்தையும் கேளும்.

அச்சுக்குப் போகுமுன் மன்றத் தலைவர் சிற்றம்பலம் சேர் படிகளைக் கேட்டிருந்தார். அரசியல் வாடை வந்தால் பாடசாலைகளுக்குள் புத்தகம் போகாது என்று முன்னரே சொல்லியிருந்தார். அந்த முடிவோடு கொடுத்தால் கவிதையையே எடுத்துவிடுவார் என்று பயந்தேன். ஒரு வரியை விட்டால் கவிதை வாழும் என்று நினைத்தேன். மாற்றியதை அவருக்கும் சொல்லவில்லை. நீர் எழுதியபடியே கொடுத்தேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். “நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்ற வரியை வாசித்தபோது என் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று யாரோ கேட்பது போல இருந்தது. அவர் தென்மராட்சியிலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். பாம்புக்கும் மலேரியாவுக்கும் நடுவில் காடு வெட்டினார். இந்த மண்ணில்தான் எரிந்தார். அவர் பிள்ளை நான் வந்தேறியா? யாரையும் நாங்கள் துரத்தவில்லை. துரத்தியவர்கள் எங்களைக் கேட்டா துரத்தினார்கள்?

தம்பி சுகிர்தனைப் பற்றி உமக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில் கடைசிச் சண்டை நேரம் கடற்கரைப் பக்கம் போனவன் இன்றைக்கும் இல்லை. அம்மா அவனுடைய படத்தோடு, காணாமல் போனவர்களைக் கேட்டு நடக்கிற வீதியோரப் போராட்டப் பந்தலில் இருக்கிறா. நீங்கள் திரும்பி வந்தீர்கள், ஸஹீலா. வீடு உடைந்திருந்தது, காணி காடாய்க் கிடந்தது, எல்லாம் சரி. ஆனால் வந்தீர்கள். அவன் வரவில்லை. அதனால்தான் நாம் என்று எழுதினேன். இழந்தவர்கள் எல்லோரையும் ஒரு சொல்லுக்குள் வைக்கப் பார்த்தேன்.

தாள் ஒட்டுவது இனி ஏலாது. புத்தகங்கள் கல்வி வலயங்களுக்குப் போய்விட்டன.

விமலா


நீராவிப்பிட்டி
12.03.2024

விமலா ரீச்சருக்கு,

இன்றைக்கு முதல் நோன்பு. கோபத்தை அடக்க வேண்டிய நாள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சுகிர்தனின் துக்கத்தை நான் ஒரு நாளும் என் துக்கத்தோடு தராசில் வைத்ததில்லை. நீங்கள்தான் வைத்தீர்கள். உங்கள் தட்டு கீழே இறங்கியது. அதனால் என் வரியை வெட்டலாம் என்று ஆகிவிட்டது.

அந்தக் கவிதை நவீன மனிதனைப் பற்றியது அல்ல. இரண்டாயிரத்துப் பத்தொன்பது வைகாசி. கொழும்புத் தேவாலயங்களில் எங்கள் பெயர் தாங்கிய சிலர் வைத்த குண்டுகள் வெடித்து ஒரு மாதம்தான். உம்மாவின் மருந்துக்காக முள்ளியவளையில் வவுனியா பஸ் ஏறினேன். முதல் நாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். பஸ் முழுக்கக் கோயிலிலிருந்து திரும்புகிற சனம், நெற்றியெல்லாம் திருநீறு. மிதிபலகை வரைக்கும் ஆட்கள் தொங்கினார்கள். என் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது.

கொண்டக்டர் என்னிடம் ஊர் விசாரித்த பிறகு, நெரிசலைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான்: “அங்க ஒரு சீற் சும்மா கிடக்கு. ஆராவது இருங்கோவன்.” ஒருவரும் அசையவில்லை. எனக்கு நேர் பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னா: “பரவாயில்லைத் தம்பி, நாங்கள் கிட்டத்தான் இறங்கப் போறம்.”

குரல் தெரிந்த குரல். திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் சேலை கட்டி, கையில் பிரசாதப் பையோடு நீங்கள் நின்றீர்கள். பக்கத்தில் உங்கள் தங்கை. என் முகம் திறந்துதான் இருந்தது. நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மாங்குளம் போனது. கனகராயன்குளத்தில் கொஞ்சப் பேர் இறங்கினார்கள். நீங்கள் இறங்கியது வவுனியாவில்.

கூப்பிட்டிருக்கலாம் என்று கேட்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம்தான். வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன். ஐந்து வருடம் வைத்திருந்தேன். இந்தத் தொகுப்புக்கு நீங்கள் கவிதை கேட்டபோது வேறு பத்துக் கவிதை என்னிடம் இருந்தது. இதை அனுப்பினேன். நீங்கள் வாசிக்க வேண்டும் என்று அனுப்பினேன். நீங்கள் அதில் எதுகை கண்டீர்கள்.

ஸஹீலா


கண்டாவளை
17.03.2024

ஸஹீலாவுக்கு,

நீங்கள் இப்படி ஒன்றை ஐந்து வருடம் மனதில் வைத்துக்கொண்டா என்னோடு பழகினீர்கள்? நஃப்லாவுக்குப் புத்தகம் வாங்கித் தந்தேன், உங்கள் வீட்டில் சாப்பிட்டேன், நீங்கள் சிரித்துக்கொண்டே பரிமாறினீர்கள். அப்போதெல்லாம் இது உங்கள் நெஞ்சுக்குள் இருந்தது.

சத்தியமாக உங்களை நான் காணவில்லை. அந்த நாட்களில் எல்லோருக்கும் பயம். கறுப்பு உடுப்புக்குள்ளே இருக்கிறது யார் என்று எப்படித் தெரியும்? தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். அது நீங்கள் என்று தெரிந்திருந்தால் ஓடி வந்து பக்கத்தில் இருந்திருப்பேன். அம்மாளாச்சி அறிய உண்மை.

இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

விமலேஸ்வரி


நீராவிப்பிட்டி
24.03.2024

விமலேஸ்வரி அவர்களுக்கு,

நம்புகிறேன். நான் என்று தெரிந்திருந்தால் வந்து இருந்திருப்பீர்கள். அதுதான் என் குறையே.

நான் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் யாராவது ஒருத்தி இருந்திருந்தாலும் பக்கத்துச் சீற் சீற்தான். சிநேகிதிக்குப் பக்கத்தில் இருக்கிறது பெரிய காரியமில்லை.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். ஓம், சிரித்துக்கொண்டேதான் பரிமாறினேன். சிரித்தது பொய்யில்லை. எனக்கு உங்களைப் பிடிக்கும். பிடிக்காத ஆள் என்றால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த பஸ்ஸில் நின்ற மற்ற ஒரு முகமும் எனக்கு ஞாபகமில்லை.

கவிதையைத் திருப்பி எடுக்கப் பார்த்தேன். நஃப்லா விடவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். “நான் எழுதிக்கொள்ளுறன், நீங்க பேசாம இருங்கோ உம்மா” என்கிறாள். அதனால் பேசாமல் இருக்கிறேன்.

ஸஹீலா மஹ்றூப்


கண்டாவளை
09.06.2024

அன்பின் ஸஹீலா,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். நீரும் எழுதவில்லை. இப்போது எழுதுவது, பெறுபேறு வந்து நீர் வேறு வழியாக அறிய முன்னர் என் வாயால் அறிய வேண்டும் என்பதால்.

போன சனிக்கிழமை திருத்தல். சிற்றம்பலம் சேர், நான், இன்னும் இரண்டு பேர். விடைத்தாள்களில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். மூன்றாவது கேள்வி நான் போட்டது: ‘இக்கவிதையில் “நாம்” என்னும் சொல் பெறும் சிறப்பினை விளக்குக.’ எல்லாப் பிள்ளைகளும் என் குறிப்பை அப்படியே திருப்பி எழுதியிருந்தார்கள். ஒற்றுமை, ஒற்றுமை, ஒற்றுமை. வாசிக்க வாசிக்க எனக்குச் சலித்துவிட்டது.

பிறகு ஒரு தாள் வந்தது. ‘இக்கவிதையில் நாம் என்னும் சொல் இல்லை. அது பின்னர் சேர்க்கப்பட்டது’ என்று தொடங்கியிருந்தது. உமது கடைசி நான்கு வரிகளையும் எழுதி, அதற்குக் கீழே: ‘நாம் என்று சொல்லும் உரிமை உள்ளே இருப்பவருக்கு உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவர் நாம் என்றால் அது கெஞ்சுதல். நாங்கள் என்றால் அது சாட்சி. கவிஞர் யாரையும் விலக்கவில்லை. தாம் விலக்கப்பட்டதைச் சொல்கிறார். கடைசிக் கேள்வி பகைமைக்காகக் கேட்கப்பட்டதன்று. தன்னிடம் மூன்று தடவை கேட்கப்பட்டதை ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்கிறார்.’

இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். இப்படி ஒரு விடையை நான் திருத்தியதில்லை.

சேர் அதை வாங்கிப் பார்த்தார். “பிள்ளை வடிவா எழுதுது. ஆனா பாடத்தில இல்லாத வரிக்கு ஆர் புள்ளி போடுறது?” என்றார். நான், “விடை நல்லாயிருக்கு, சேர்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்கள்தானே பதிப்பாசிரியர். மூலத்தில இப்பிடி ஒரு முடிவு இருந்ததோ?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருந்தது என்றால், ஏன் வெட்டினாய், யாரைக் கேட்டு வெட்டினாய், ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று வரும். புத்தகத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். ஆசிரிய ஆலோசகர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது, அதற்குச் சிபாரிசு செய்தவரே அவர்தான். இதெல்லாம் ஒரு கணத்துக்குள் மனதில் ஓடியது.

“இல்லை சேர்” என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பூச்சியம் போட்டார்கள். சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது.

நஃப்லாவுக்கு இடம் கிடைக்காது. உமக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதி எழுதி வெட்டிவிட்டேன்.

விமலா


நீராவிப்பிட்டி
16.06.2024

விமலா,

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். வீடு முழுக்க ஆட்கள். குசினிக்குள் ஒரு மூலையில் இருந்து எழுதுகிறேன்.

பெறுபேறு வந்துவிட்டது. நஃப்லா அழவில்லை. மீள்பரிசீலனைக்கு மன்றத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், தானே எழுதி, தன் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கி. இருபத்தொன்பதாம் திகதி அவளைக் கிளிநொச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அங்கே இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு நான் காட்டவில்லை. அதைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மூன்றாம் மாதக் கடிதத்தில் நீங்களே எழுதியிருப்பதும் என்னிடம் இருக்கிறது. றம்சீன், என் தம்பி, “குடுத்து அனுப்பு லாத்தா, அந்த ரீச்சருக்கு நல்ல பாடமா இருக்கும்” என்று நிற்கிறான். கொடுக்க மாட்டேன். அவள் என்னுடைய பழைய கவிதைக் கொப்பியைக் கேட்டாள். அதையும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடுதான் வருவாள்.

இது பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். சிற்றம்பலம் சேர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். போன தடவை ஒரு இலக்கத்துக்கு முன்னால் இல்லை என்றீர்கள். இந்தத் தடவை என் பிள்ளை முன்னால் நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஸஹீலா


கண்டாவளை
30.06.2024

ஸஹீலா,

நஃப்லா வந்து சொல்லியிருப்பா. என் வாயாலும் சொல்கிறேன்.

பச்சை முக்காட்டோடு வந்து, கதிரை கொடுத்தும் இருக்காமல் நின்றா. சேர் கேட்டார்: “பிள்ளை, அந்த வரி இருந்ததுக்கு என்ன ஆதாரம்?”

“ஆதாரம் இல்லை சேர். ஆனா நான் அந்த வரியோடதான் வளந்தனான்” என்றா.

நான் எழுந்தேன். “இருந்தது. நான்தான் வெட்டினனான். அண்டைக்கு நான் சொன்னது பொய்” என்றேன்.

நான் பயந்தபடி ஏன் வெட்டினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று நடந்தது. சேர் மற்றவர்களோடு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். பிரச்சினை வளரக்கூடாதாம். மூன்றாவது கேள்வியை ரத்துச் செய்து, எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அதற்குரிய முழுப் புள்ளியையும் சமமாகப் போடுவார்களாம். ஆனால் ஏற்கனவே வெளிவந்த இடங்களை மாற்ற மாட்டார்களாம். அடுத்த பதிப்பில் உமது கவிதை இருக்காது. “திருத்திப் போடலாமே” என்றேன். “சர்ச்சைக்குரிய ஆக்கம் எதுக்கு, விமலா?” என்றார். தொகுப்பு வேலையிலிருந்து என்னை ஓய்வெடுக்கச் சொன்னார். பதவிக் கதை அதோடு போய்விட்டது. அதற்காக உம்மிடம் அனுதாபம் கேட்டு இதை எழுதவில்லை.

வெளியே வாசலில் நஃப்லாவை எட்டிப் பிடித்தேன். “பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்” என்றேன். அவ நின்று திரும்பினா. உம்மைப் போலவே, பதில் சொல்லுமுன் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு.

“ரீச்சர், உம்மா உங்களைப் பற்றி எப்பவும் நல்லாத்தான் சொல்லுவா. வவுனியாவில கவிதைப் பட்டறைக்குப் போய் ஒரே அறையில இருந்து விடிய விடியக் கவிதை வாசிச்சது, நீங்க உம்மாட கவிதைக்கு அழுதது, எல்லாம் எனக்குப் பாடம். அதையெல்லாம் நான் இனி என்ன செய்யிறது?”

கேட்டுவிட்டுப் போய்விட்டா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்ட மாதிரி இருந்தது. உம்மிடம் பதில் இருந்தால் அவவுக்குச் சொல்லும்.

ஒரு நாள் வீட்டுக்கு வரலாமா?

விமலா


நீராவிப்பிட்டி
11.07.2024

விமலா,

நஃப்லா எல்லாம் சொன்னாள். நீங்கள் எழும்பியதையும் சொன்னாள்.

நன்றி சொல்ல வேண்டுமா என்று சில நாள் யோசித்துப் பார்த்தேன். என் வரி எனக்குச் சொந்தம் என்று நீங்கள் சொன்னதற்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? ஆனால் நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. அதையும் மறைக்கவில்லை.

உங்களிடம் கேட்டதை என்னிடமும் கேட்டாள். “ரீச்சர் நல்ல ஆளா, கூடாத ஆளா, ஒண்டைச் சொல்லுங்கோ உம்மா” என்று நின்றாள். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இந்த வருடம் வேண்டாம்.

ஸஹீலா